முறையிட ஓர் இடம்: பாலியல் தொழிலாளர் உரிமை குறித்து வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, வயது வந்தவர்கள் தம் சம்மதத்துடன் செய்யும் பாலியல் தொழிலைக் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் கோருவதைக் குறிப்பிட்டு, அந்தக் கோரிக்கை நியாயமானது என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். ஒரு வரி போதாது என்று கண்டித்தும், அந்த ஒரு வரியே அதிகம் என்று கோபித்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் இப்பொருளுக்கே ஒதுக்குகிறேன். கேட்டவர்களின் பெயர்களை, அவர்களுள் சிலரின் வேண்டுகோளின்படி, ஒருசேரத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: குற்றமில்லை என்று சட்டம் சொல்லிவிட்டால், இது நல்ல தொழில் என்று அரசே நற்சான்று கொடுத்தது போலாகாதா? உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துவதற்கும் நீங்கள் சொல்வதற்கும் என்ன வேறுபாடு? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்)

பதில்: ஆகாது. பொய் சொல்வது பெரும்பாலான சூழல்களில் தண்டனைக்குரிய குற்றமன்று. அதனால் எந்த அரசும் பொய்யைப் போற்றிவிட்டதாக நாம் கருதுவதில்லை. நியூசிலாந்து 2003இல் இயற்றிய சட்டம் உங்கள் ஐயத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டது போலிருக்கிறது. பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதே தன் நோக்கம் என்றும், அத்தொழிலையோ அதைப் பயன்படுத்துவதையோ தான் ஆமோதிக்கவில்லை, அதற்கு ஒழுக்க அங்கீகாரமும் தரவில்லை என்றும் அதன் நோக்கத்தைக் கூறும் பிரிவே சொல்கிறது. அந்தச் சட்டம் 60க்கு 59 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில், ஓர் உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்க, நிறைவேறியது. ஆகவே அன்று அந்த அவையிலும் ஏறக்குறைய பாதிப்பேர் உங்கள் பக்கமே நின்றிருக்கிறார்கள்.

கேள்வியின் இரண்டாம் பகுதி இன்னும் முக்கியமானது. உரிம முறையில் அரசு இத்தொழிலுக்கென்று தனி விதிகளை வகுத்து, பதிவு செய்துகொண்டவர்களையும் அனுமதி பெற்ற இடங்களையும் மட்டும் சட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டு, மற்றவர்களைக் குற்றவாளிகளாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சில மாவட்டங்களில், உரிமம் பெற்ற விடுதிக்குள் மட்டும் இத்தொழிலுக்கு அனுமதி உண்டு. அதே பெண் அதையே விடுதிக்கு வெளியே செய்தால் குற்றம். ஜெர்மனி 2002இல் இத்தொழில் சார்ந்த ஒப்பந்தங்களைச் சட்டப்படி செல்லத்தக்கவையாக்கியது. ஆனால் 2017இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், ஒவ்வொருவரும் அரசு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. குடும்பத்துக்குத் தெரியாமல் இத்தொழிலைச் செய்பவர் தம் பெயர் ஒரு கோப்பில் ஏறுவதற்கு அஞ்சுவார். அயல்நாட்டிலிருந்து வந்து முறையான ஆவணம் இல்லாமல் இருப்பவரால் பதிவு செய்யவே முடியாது. பாதுகாப்பு யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களே இப்படிச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

குற்றநீக்கம் என்பது தனிச் சலுகையும் தனிக் கண்காணிப்பும் இன்றி, பிற வேலைகளுக்குள்ள தொழிலாளர் சட்டத்தையும் பணியிடப் பாதுகாப்பு விதிகளையும் இதற்கும் பொருந்தச் செய்வது. நியூசிலாந்தில், ஒருவருக்கொருவர் முதலாளியாக இல்லாமல் நான்கு பேர் வரை சேர்ந்து வேலை செய்வதற்குச் சான்றிதழ் தேவையில்லை. அதைவிடப் பெரிய இடத்தை நடத்துபவர்தான் அதைப் பெற வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகும் எந்த நேரத்திலும் மறுத்துவிடும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2014இல் அங்கே ஒரு பெண், தாம் வேலை செய்த விடுதியின் நடத்துநர் தம்மைப் பாலியல் சொற்களால் துன்புறுத்தினார் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்து, 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். இத்தகைய சட்டங்களை அளக்க நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் அந்த வழக்குதான். நேற்றிரவு ஒருவர் தம்மை அடித்தார் என்றால், இன்று காலை அந்தப் பெண் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் கைதாகாமலும் வீட்டை இழக்காமலும் திரும்பி வர முடியுமா? கீழே வரும் பதில்கள் அனைத்தும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வறுமையாலும் சாதியாலும் குடும்ப வன்முறையாலும் துரத்தப்பட்டு இத்தொழிலுக்கு வரும் பெண்ணின் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி அழைக்கிறீர்கள்? பெண்ணுரிமை பேசும் நீங்கள் பெண்ணுடல் விற்பனைக்கு வைக்கப்படுவதை உரிமை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. (கல்லூரி ஆசிரியை ஒருவர்)

பதில்: அம்மா, உங்கள் வேதனையில் பொய்யில்லை. வேறு வழி இருந்திருந்தால் இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம் என்று சொல்லும் பெண்கள் பலர். வேறு வேலைகளைச் செய்து பார்த்து, அங்கே கிடைத்த கூலியையும் இழிவையும் இதனோடு ஒப்பிட்டு, இதையே மேல் என்று முடிவெடுத்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் இந்த இரு தரப்பில் எவருடைய சொல்லையும் மறுக்கப் போவதில்லை. இத்தொழிலில் ஆண்களும் திருநங்கையரும் இருக்கிறார்கள் என்பதையும், வேலை தேடிப் போகும் இடமெல்லாம் கதவடைக்கப்பட்ட பிறகு இங்கு வந்து சேர்ந்த திருநங்கையர் பலர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நெருக்கடியில் எடுத்த முடிவு முழு விருப்பமன்று என்று ஒப்புக்கொண்ட பிறகும், சட்டம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வறுமை ஒரு பெண்ணின் வழிகளைக் குறுக்குகிறது என்றால், கைதும் அபராதமும் அவற்றை இன்னும் குறுக்குகின்றன. அபராதம் கட்டுவதற்காக அவர் மறுநாளே மீண்டும் அதே வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், இத்தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை தேடும்போது அந்தப் பதிவே குறுக்கே வந்து நிற்கிறது. வெளியேற விரும்புபவருக்குக் கல்வியும் வீடும் கடனுதவியும் தர வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் இந்த அமைப்புகளுக்கும் வேறுபாடு இருக்க முடியாது. அந்த உதவியைப் பூட்டிய இல்லத்துக்குள் வைத்துத் தருவதைத்தான் அவர்கள் மறுக்கிறார்கள். 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், சோதனையில் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று இளம் பெண்களை விடுவித்தபோது, வயது வந்த பெண்ணுக்குத் தம் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றும், அவரது விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்க முடியாது என்றும் கூறியது.

கேள்வி: இத்தொழிலைக் குற்றமாக்காவிட்டால் ஆள் கடத்தல் பெருகாதா? சிறுமிகளை யார் காப்பாற்றுவது?

பதில்: கடத்தலும் கட்டாயப்படுத்தலும் 18 வயதுக்குட்பட்டவர்களை ஈடுபடுத்துவதும் குற்றநீக்கம் செய்த நாடுகளிலும் கடுங்குற்றங்கள்தாம். நியூசிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவரை இத்தொழிலில் பயன்படுத்துபவருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. தண்டனை முழுவதும் வாங்குபவருக்கும் ஏற்பாடு செய்பவருக்கும்தான். அந்தச் சிறுமிக்கு இல்லை.

பெருகுமா என்பதற்கு நேர்மையான பதில் சற்று நீளமானது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 150 நாடுகள் வரை ஒப்பிட்டு, இத்தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் கடத்தல் வருகை மிகுதியாகப் பதிவாகிறது என்று சொன்னது. குற்றநீக்கத்தை எதிர்ப்பவர்கள் அதையே அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது, கடத்தல் குறித்துப் பதிவான செய்திகளைத் தொகுத்த ஒரு குறியீட்டை. எங்கே கண்காணிப்பும் பதிவும் செம்மையாக நடக்கின்றனவோ அங்கே எண்ணிக்கை கூடித் தெரியும் என்ற சிக்கல் அதில் உண்டு. தரவுகளின் குறையை ஆய்வாளர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிம முறையையும் குற்றநீக்கத்தையும் ஒரே கூடையில் போட்டதும் ஒரு குறை. மறுபுறம், நியூசிலாந்துச் சட்டத்தை ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த அரசுக் குழு, 2008இல் தந்த அறிக்கையில், இத்தொழிலில் இருப்போரின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்றும், கேட்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒரு வாடிக்கையாளரை மறுப்பது முன்பைவிட எளிதாகியிருப்பதாக உணர்ந்தார்கள் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. தற்காலிக விசாவில் வந்த அயல்நாட்டவர் இத்தொழிலைச் செய்யக் கூடாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு. கடத்தலைத் தடுக்க என்று சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவே, சுரண்டலுக்கு ஆளாகும் அயல்நாட்டுப் பெண்ணை, புகார் கொடுத்தால் நாடு கடத்தப்படுவோமோ என்று அஞ்ச வைக்கிறது. என் அளவுகோலின்படி நியூசிலாந்து இந்த இடத்தில் தோற்கிறது.

சிறுமிகளை யார் காப்பாற்றுவது என்று கேட்டீர்கள். கடத்தி வரப்பட்ட சிறுமியை முதலில் பார்ப்பவர் காவலரல்லர். அடுத்த அறையில் இருக்கும் பெண். அந்தப் பெண் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னால் தாமும் கைதாவார் என்ற நிலை இருக்கும் வரை, அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார். பாலியல் தொழில் நடக்கும் பகுதியான கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களே தன்னொழுங்கு வாரியங்களை அமைத்து, புதிதாக வந்து சேரும் ஒவ்வொருவரிடமும் பேசி, வயது குறைந்தவர்களையும் கட்டாயத்தின்பேரில் வந்தவர்களையும் அடையாளம் கண்டு வெளியேற்றி வந்திருக்கிறார்கள். எல்லாச் சிறுமிகளும் அந்த வலையில் அகப்படுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசலையும் அறிந்தவர்களை விரோதியாக்கிவிட்டுக் கடத்தலை ஒழிப்பேன் என்று புறப்படுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கேள்வி: விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சுவீடன் முறை இரு தரப்புக்கும் பொதுவானதாகத் தெரிகிறதே, அதை ஏன் இந்த அமைப்புகள் எதிர்க்கின்றன? (சட்ட மாணவி ஒருவர்)

பதில்: முதல் பார்வைக்கு நியாயமாகத் தெரிவதால்தான் அது பரவியது. 1999இல் சுவீடனில் நடைமுறைக்கு வந்த பிறகு நார்வே, ஐஸ்லாந்து, கனடா, பிரான்சு, அயர்லாந்து போன்ற நாடுகள் அதைப் பின்பற்றின. தெருவில் நடக்கும் தொழில் பாதியாகக் குறைந்தது என்று சுவீடன் அரசின் 2010ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை கூறியது. தெருவிலிருந்து மறைந்தவை எல்லாம் இல்லாமல் போய்விடவில்லை, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இடம்பெயர்ந்தவையும் உண்டு என்பது எதிர்ப்பவர்களின் பதில். வட அயர்லாந்தில் 2015இல் இதே சட்டம் வந்தது. அங்கே நீதித்துறை அமைச்சகத்துக்காக பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு, வாங்குவோரின் தேவையைச் சட்டம் குறைத்ததற்கான சான்று இல்லை என்று 2019இல் தெரிவித்தது.

இந்த முறை அவர்களின் அன்றாடத்தில் எப்படி இறங்குகிறது என்பதைப் பாருங்கள். பிடிபடுவோமோ என்று அஞ்சும் வாடிக்கையாளர் தம் உண்மையான பெயரையும் தொலைபேசி எண்ணையும் தர மறுப்பார். அந்தப் பெயரும் எண்ணும்தான் ஒரு பெண், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் தேடுவதற்கென்று தோழியிடம் விட்டுச் செல்லும் ஒரே தடயம். தெருவில் நின்று பேசி, ஆளை எடைபோட்டு, ஆணுறை குறித்தும் செல்லும் இடம் குறித்தும் முடிவு செய்ய முன்பிருந்த சில நிமிடங்களும் அவசரத்தில் பறிபோகின்றன. விற்பவர் குற்றவாளியல்லர் என்று சட்டம் சொன்னாலும், அவரைச் சுற்றியுள்ளவர்களைக் குற்றவாளிகளாக்கும் பிரிவுகள் பல நாடுகளில் அப்படியே நீடிக்கின்றன. நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2007 முதல் 2011 வரை காவல்துறை 'வீடற்றோர் நடவடிக்கை' என்ற பெயரிலேயே, வாடகைக்கு இடம் கொடுத்தவர்கள் மீது வழக்குத் தொடுப்பதாக எச்சரித்து, பெண்களை வீடுகளிலிருந்து வெளியேற்றச் செய்தது என்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் பதிவு செய்தது. அயர்லாந்தில் இருவர் சேர்ந்து ஒரே வீட்டில் தொழில் செய்தால் அது விபசார விடுதி நடத்தியதாகும். 2019இல் அப்படி ஒரே வீட்டில் இருந்த இரு பெண்களுக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, அவர்களுள் ஒருவர் கருவுற்றிருந்தார். தனியாக இருந்தால் அடி விழும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டால் சிறை என்ற நிலையில் நிறுத்தப்பட்ட பெண்ணிடம், தண்டனை வாங்குபவருக்குத்தான் என்று சொல்வதில் என்ன பொருள்?

மறுதரப்புக்கு வலுச் சேர்க்கும் தீர்ப்பு ஒன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பிரான்சின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 261 பேர் தொடுத்த வழக்கில், அச்சட்டம் மனித உரிமை உடன்படிக்கையை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டுக்கு அப்படியொரு சட்டம் இயற்ற அதிகாரம் உண்டா என்பதே அந்த நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி. அது நல்ல சட்டமா என்பது நம் முன்னிருக்கும் கேள்வி.

கேள்வி: இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் பாலியல் தொழிலை ஒரு தொழிலாக அங்கீகரித்து, காவல்துறை தலையிடக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டதாகப் படித்தேன். பிறகும் ஏன் கைதுகள் நடக்கின்றன?

பதில்: பாதி உண்மையாகப் பரவிய செய்தி அது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்த புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், நீதிமன்றம் 2011இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகள் பத்து. 2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் கண்ணியமான வாழ்வுக்கான உரிமை இவர்களுக்கும் உண்டு என்று உறுதிபடக் கூறி, ஒன்றிய அரசு மறுப்புத் தெரிவிக்காத ஆறு பரிந்துரைகளைச் செயல்படுத்துமாறு ஆணையிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றெந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் மருத்துவ உதவி முழுவதும் கிடைக்க வேண்டும். காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வழி செய்ய வேண்டும். காவலர்கள் சொல்லாலும் செயலாலும் துன்புறுத்தக் கூடாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்பன அவற்றுள் சில. சம்மதத்துடன் இத்தொழிலில் ஈடுபடும் வயது வந்தவர் மீது காவல்துறை குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எல்லோரும் பகிர்ந்துகொண்ட வாசகமோ, ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்த நான்கு பரிந்துரைகளுள் ஒன்று.

ஆகவே 1956ஆம் ஆண்டுச் சட்டம், நாம் வழக்கமாக விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்வது, அப்படியே உயிரோடிருக்கிறது. அது பாலியல் தொழிலை நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆனால் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும், வழிபாட்டு இடம், பள்ளி போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வதும் குற்றம். இருவர் தம் பொது நன்மைக்காக ஓர் இடத்தைப் பகிர்ந்துகொண்டாலே அது விபசார விடுதி என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. தெருவில் நிற்கவும் கூடாது, வீட்டில் துணையோடு இருக்கவும் கூடாது என்றால் தொழிலைத் தடை செய்யவில்லை என்பது ஏட்டளவிலான ஆறுதல்தான்.

கேள்வி: எனக்கு வயது 19. என் அம்மா இத்தொழில் செய்துதான் என்னைப் படிக்க வைக்கிறார். அவருடைய வருமானத்தில் வாழ்வது குற்றம் என்று ஒருவர் என்னை மிரட்டுகிறார். அது உண்மையா?

பதில்: தம்பி, மிரட்டுபவர் சட்டத்தின் எழுத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். மேலே சொன்ன சட்டத்தின் 4ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் மற்றொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே முழுமையாகவோ பகுதியாகவோ வாழ்ந்தால், இரண்டாண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. அவருடன் சேர்ந்து வாழ்பவர், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அப்படி வாழ்வதாகவே கொள்ளப்படுவார் என்றும் சொல்கிறது. தரகர்களைப் பிடிப்பதற்கென்று எழுதப்பட்ட பிரிவு, பதினெட்டைத் தாண்டிய மகனையும் முதுமையடைந்த தாயையும் உள்ளே இழுக்கும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் வற்புறுத்துவது இதனால்தான். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் பெட்ஃபோர்டு வழக்கில் இத்தகைய பிரிவொன்றைச் செல்லாதென்று அறிவித்தபோது, சுரண்டுபவரையும், அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காக வேலை செய்யும் ஓட்டுநரையும் காவலாளியையும் வேறுபாடின்றித் தண்டிக்கும் சட்டம் அளவுமீறியது என்று காரணம் கூறியது.

நீங்கள் உடனே செய்யத்தக்கது: மிரட்டிப் பணம் கேட்பது தனிக் குற்றம், அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி உங்கள் அம்மாவுக்கு, பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தோடு இணைப்பார்கள். வழக்கறிஞருடன் பேசுவதற்கு முன் எந்த வாக்குமூலத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டாம். படிப்பை நிறுத்திவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

கேள்வி: நோய் பரவாமலிருக்க இவர்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை வைத்தால் என்ன?

பதில்: வைத்துப் பார்த்தாயிற்று. பிரிட்டன் 1864 முதல் தொற்றுநோய்ச் சட்டங்கள் மூலமும், இந்தியாவில் அதன் ஆட்சி 1868ஆம் ஆண்டுச் சட்டம் மூலமும், படைவீரர்களை நோயிலிருந்து காப்பதற்காகப் பெண்களைப் பிடித்துப் பரிசோதித்தன. அவர்களிடம் சென்ற ஆண்களைப் பரிசோதிக்கவில்லை. ஜோசஃபின் பட்லர் போன்றோரின் நெடும் போராட்டத்துக்குப் பின் அச்சட்டங்கள் பிரிட்டனில் 1886இலும் இந்தியாவில் 1888இலும் விலக்கப்பட்டன. கட்டாயம் வந்தால் மக்கள் மருத்துவமனையைவிட்டு ஓடுவார்கள். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொடர், குற்றநீக்கம் செய்தால் பாலியல் தொழிலாளர்களிடையிலும் அவர்களின் வாடிக்கையாளர்களிடையிலும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடு வரை பத்தாண்டுகளில் தவிர்க்க முடியும் என்று மதிப்பிட்டது.

கேள்வி: இந்த அமைப்புகளை உண்மையில் நடத்துபவர்கள் தரகர்களும் வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும்தான் என்கிறார்களே?

பதில்: எந்த இயக்கத்திலும் பேசுபவரின் நலன் எது என்று கேட்பது தவறன்று. ஆனால் இந்த இயக்கத்தின் வரலாறு தொண்டு நிறுவனங்களிலிருந்து தொடங்கவில்லை. 1975 ஜூன் 2 அன்று பிரான்சின் லியோன் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளர்கள், தொடர்ந்து விதிக்கப்பட்ட அபராதங்களுக்கும், தங்கள் தோழியர் கொல்லப்பட்டும் காவல்துறை பாராமுகமாக இருந்ததற்கும் எதிராக, புனித நிசியே தேவாலயத்துக்குள் புகுந்து தங்கினார்கள். ஜூன் 10 அன்று காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். அதன் நினைவாகவே ஜூன் 2 உலகப் பாலியல் தொழிலாளர் நாளாகக் கொள்ளப்படுகிறது. நியூசிலாந்தில் 1987இல் தொழிலாளர்களே தொடங்கிய கூட்டமைப்புதான் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டது. அவையில் அதற்காகப் பேசிய ஜார்ஜினா பேயர், தாமே முன்பு இத்தொழிலில் இருந்த திருநங்கை.

சோனாகாச்சியின் கதை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது, ஏனெனில் அது சிறிய காரியங்களால் ஆனது. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா அங்கே நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தப் பெண்களையே பயிற்றுநர்களாக்கினார். ஆணுறை வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாதபடி கடனும் காவலர் தொல்லையும் கழுத்தை நெரிக்கின்றன என்று அவர்கள் சொல்லச் சொல்ல, திட்டம் நோயிலிருந்து கடனுக்கும், கடனிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கும் விரிந்தது. 1995இல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பு உருவாயிற்று. அதே ஆண்டில் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்யப் போனபோது, உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. பணிந்து தொழிலை மறைத்துப் பதிவு செய்திருக்கலாம். அவர்கள் அரசோடு வாதாடி அந்தத் தடையை விலக்க வைத்தார்கள். 2001 மார்ச் 3 அன்று அவர்கள் கூட்டிய விழாவில் 25,000க்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளர்கள் திரண்டதாகச் சொல்லப்படுகிறது.

இத்தொழிலிலிருந்து வெளியேறி, அதை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று கோரும் பெண்களின் அமைப்புகளும் உலகெங்கும் இருக்கின்றன. சுவீடன் முறையை அவர்களுள் பலர் ஆதரிக்கிறார்கள். அவர்கள் பட்டதும் உண்மை, அவர்கள் பேச்சும் கேட்கப்பட வேண்டியது. இவர்களைத் தரகர்களின் கைக்கருவி என்றும் அவர்களைக் காவல்துறையின் கைக்கருவி என்றும் வசைபாடுவது, இரு சாராரின் பேச்சையும் கேட்காமலிருக்க நாம் கண்டுபிடித்த வழி.

கேள்வி: விடுதிச் சோதனைச் செய்திகளில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் பெண்களின் படத்தை உங்கள் இதழ் வெளியிடுமா?

பதில்: வெளியிடாது. சோதனையின்போதும் மீட்பின்போதும் பாலியல் தொழிலாளர்களின் அடையாளம் வெளிப்படாமல் ஊடகங்கள் நடந்துகொள்ள, இந்தியப் பத்திரிகை மன்றம் நெறிமுறைகளை வகுக்க வேண்டும் என்பதும் 2022ஆம் ஆண்டு ஆணையில் ஏற்கப்பட்ட பரிந்துரைகளுள் ஒன்று. முகம் மூடியிருந்தாலும் உடையையும் உடல்வாகையும் வீட்டார் அறிவார்கள். பிடிபட்ட இடத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து அச்சிட்டால் மூடிய முகத்தால் பயனில்லை. ஆகவே இந்த இதழில் அத்தகைய செய்திகளுக்குப் படம், வயது, சொந்த ஊர், விடுதியின் முகவரி ஆகியவை இடம்பெறா. காவலர் அத்துமீறினார் என்றோ, புகாரைப் பெற மறுத்தார் என்றோ சம்பந்தப்பட்டவர்களே எழுதி அனுப்பினால், பெயரை மறைத்து அதை வெளியிடுவோம்.